உள்பக்கத்தைத் திருப்பிப் பாக்கறவங்க

நான் தைக்கிறத யார் பாத்தாலும் மொதல்ல கேக்கறது "டிராமாவுக்கா?". இல்லீங்க. சினிமாவுக்கும் இல்ல. அமெரிக்காவுல 1770கள்ல ஜனங்க போட்ட சட்டை, பாவாடை, வெயிஸ்ட்கோட், தலைக்குல்லா இதெல்லாம் இன்னிக்கும் காசு குடுத்து வாங்கிப் போட்டுக்க அங்க ஒரு கூட்டமே இருக்கு. அந்தக் கூட்டத்துக்குத்தான் பழைய வண்ணாரப்பேட்டையில எம்.சி. ரோட்டுக்குப் பின்னாடி ஒரு மாடி போர்ஷன்ல உக்காந்து நாங்க நாலஞ்சு பொம்பளைங்க தைக்கிறோம். முழுக்க கையால. மெஷின் ஒண்ணு ஓரமா கெடக்கு, எங்க நைனாவோடது, இப்போ அது மேல துணி மூட்டைதான் உக்காந்திருக்கு. இதப்பத்தி எழுது எழுதுன்னு ரொம்ப பேர் கேட்டுட்டாங்க, ஒரே பதிவா கொட்டிடறேன், நீளமா போச்சுன்னா டீ போட்டுட்டு வந்து படிங்க.

ரீஎனாக்ட்மெண்ட்னு சொல்றாங்க. பழைய காலத்து சண்ட, சந்த, பட்டாள முகாம் இதையெல்லாம் அப்படியே மறுபடி நடத்திக் காட்டறது. நமக்கு வெள்ளக்காரன் காலம்னா 1947 வரைக்கும், அவங்களுக்கு 1776லயே "போய்ட்டு வாப்பா"ன்னு சொல்லியாச்சு, அதனால அவங்க காலனி காலம் நம்மளுத விட ரொம்பப் பழசு, டிரஸ்ஸும் வேற. மாசாசூசெட்ஸ்ல லெக்சிங்டன்னு ஒரு ஊரு, 1775 ஏப்ரல் 19ல அங்கதான் மொத வெடி வெடிச்சுது, வருஷா வருஷம் ஏப்ரல்ல விடியறதுக்கு முன்னாடியே ஜனங்க குளுருல வந்து நின்னு அந்தச் சண்டைய நடிச்சுக் காட்டறத பாக்கறாங்க. இண்டியானாவுல வபாஷ் ஆத்தங்கரையில ஃபீஸ்ட் ஆஃப் தி ஹண்டர்ஸ் மூன்னு 1968லேந்து ஒரு திருவிழா நடக்குது. மேரிலேண்ட்ல ஃபோர்ட் ஃப்ரெடரிக்னு 1756ல கட்ட ஆரம்பிச்ச கல்லுக் கோட்டை ஒண்ணு, அங்க ஏப்ரல்ல சந்த கூடுது. வர்றவங்க எல்லாம் வாத்தியாரு, நர்ஸு, கம்ப்யூட்டர் ஆளுங்க, ரிட்டயர் ஆன மிலிட்டரிக்காரங்க. கார எங்கயோ தள்ளி நிறுத்திட்டு கேன்வாஸ் டென்ட்டு போட்டு விறகடுப்புல சமைச்சு ரெண்டு மூணு நாள் அப்படியே கெடப்பாங்க. அவங்களுக்கு துணிமணி, செருப்பு, தொப்பி, சட்டி பானை விக்கிற ஆளுங்களுக்கு சட்லர்னு பேரு. பழைய காலத்துல பட்டாளத்துக்குப் பின்னாடியே வண்டி கட்டிட்டுப் போயி வித்த ஆளுங்களோட பேரு அது.

இதுக்குள்ள நான் எப்படிப் போனேன்னா, எங்க சித்தி பொண்ணு மேரிலேண்ட்ல இருக்கா. அவ வீட்டுக்காரர் ஆபீஸ்ல ஒருத்தர் லீவு நாள்ல பிரிட்டிஷ் சிப்பாய் வேஷம் கட்றவர். அவரு சட்ட கிழிஞ்சுபோச்சு, கையால தைக்க ஆள் கெடைக்கல, கெடச்சாலும் ஒரு வருஷம் வெயிட்டிங்னு பொலம்பியிருக்காரு, இவ வாய வெச்சுக்கிட்டு சும்மா இருக்காம "எங்க அக்கா தைப்பா"ன்னு சொல்லிட்டா. நானு அப்போ பிளவுசும் சுடிதாரும் தைச்சிட்டிருந்தேன். அந்தக் கிழிஞ்ச சட்ட பார்சல்ல வந்துச்சு.

அத தையல் தையலா பிரிச்சு தரையில பரப்பி வெச்சப்போ நைனாவும் வந்து எட்டிப் பாத்தாரு. நாப்பது வருஷம் ஜென்ட்ஸ் டெய்லர். ஒரு வளைவு கூட இல்ல அதுல. எல்லாமே நீளச்சதுரம், சதுரம், முக்கோணம். முன்னாடி பின்னாடி ரெண்டும் சேந்து ஒரே நீளத் துணி, நடுவுல கழுத்துக்கு ஒரு கீறல். கை ரெண்டும் வெறும் செவ்வகம். அக்குள்ல ஒரு சதுரத் துண்ட கோணலா திருப்பி வெச்சு தைச்சிருக்கு, கை தூக்கினா அதுதான் இடம் குடுக்குது. கழுத்தோரம் சின்ன முக்கோணம். துணிய கரையிலேந்து கர வரைக்கும் வெட்டி ஒரு பிட்டு கூட கீழ விழாம முடிச்சிருக்காங்க, ஏன்னா அந்தக் காலத்துல துணிதான் வெல, கூலி மலிவு. நைனா கொஞ்ச நேரம் பாத்துட்டு "இத வெட்ட டெய்லர் எதுக்கு, கணக்கு வாத்தியாரக் கூப்டு"ன்னுட்டு பேப்பர் படிக்கப் போயிட்டாரு. ஆனா சாயங்காலமே அவர்தான் வந்து அளவு போட்டுக் குடுத்தாரு.

சட்ட முட்டி வரைக்கும் தொங்கும், அவங்களுக்கு அதுதான் உள்ளாடையும், ராத்திரி படுத்துக்கற டிரஸ்ஸும். கைய மணிக்கட்டுகிட்ட பொடிப் பொடியா சுருக்கு வெச்சு, ஒவ்வொரு சுருக்கையும் ஊசி முனையால நீவி விட்டு பட்டியில தைக்கணும். இதுல ஒரு வேடிக்கை, சட்டைக்குக் கீழ ஓரத்துல செவப்பு நூல்ல குட்டியா குறுக்குத் தையல்ல ரெண்டு எழுத்தும் ஒரு நம்பரும் போட்டிருக்கு. வெளுக்கப் போட்டா மாறிடக்கூடாதுன்னு அந்தக் காலத்துல அப்படி அடையாளம் போடுவாங்களாம். எங்க ஏரியாவுல இதச் சொன்னா யாருக்கும் விளக்கவே வேணாம், சேங்கொட்டையில குத்தி கொசுவத்துல வண்ணான் குறி போட்டத எங்க ஆயா காலத்து பொடவையில நானே பாத்திருக்கேன். கெழக்கிந்தியக் கம்பெனிக்காரன் வாங்கின துணிய வெளுத்துக் குடுத்த ஜனங்க குடியேறின ஊருதானே இது.

ஒரு தடவ நானே அந்த மாதிரி ஒரு சந்தைக்குப் போனேன். விசிட்டர் விசா, அதனால கல்லாவுல உக்காரல, வியாபாரம் முழுக்க தங்கச்சி பேர்ல, நான் வேடிக்கதான். ஆனா டென்ட்டுக்குள்ள நிக்கணும்னா நாமளும் அந்தக் காலத்து டிரஸ்ல இருக்கணும். ஆளிச்செடி நார்ல நெஞ்ச லினன் துணியில ஷிஃப்ட்னு ஒரு நீள உள்ளாட, மேல ரெண்டு பாவாட, அதுக்கு மேல பெட்கவுன்னு லூசா ஒரு சட்ட, கழுத்துக்குக் குறுக்க ஒரு துணி, தலையில குல்லா. வேல வெட்டி பாக்கற பொம்பளைங்க வீட்டுலயும் தெருவுலயும் அதோடயே சுத்துவாங்களாம். எங்க தெருவுல காலையில தண்ணி லாரிக்கு நைட்டி மேல துண்டப் போட்டுக்கிட்டு குடத்தோட ஓடறவங்கள நெனச்சுக்கிட்டேன், இது அதேதான், இருநூத்தம்பது வருஷம் முன்னாடி. போன் கண்ணுல படக்கூடாது, பிளாஸ்டிக் கவர் படக்கூடாது, கார்டு தேய்க்கிற மெஷின் மேல ஒரு கைக்குட்ட போட்டு மூடி வெச்சிருந்தா இவ. தண்ணி பாட்டில ஒரு கூடைக்குள்ள ஒளிச்சு வெச்சு குனிஞ்சு குடிக்கணும். சேறுன்னா சேறு, பாவாட ஓரமெல்லாம் நாசம்.

அங்க ஒருத்தர் வந்தாரு, வெள்ள தாடி, தோளு பக்கம் கிழிஞ்ச ஹண்டிங் சட்ட, இடுப்புல கோடாலி. கொடியில மாட்டியிருந்த வெயிஸ்ட்கோட்ட எடுத்தாரு. முன்பக்கத்த பாக்கவே இல்ல. எடுத்த கையோட உள்பக்கத்த வெளிய திருப்பினாரு. சட்டப்பையிலேந்து கம்பிக் கண்ணாடி ஒண்ண எடுத்து மாட்டிக்கிட்டு கட்டவிரல் நகத்த தையல் மேல வெச்சு ஓட்டிக்கிட்டே போறாரு, வாய் முணுமுணுக்குது, எண்றாருன்னு அப்புறம்தான் புரிஞ்சுது. லைனிங் ஓரம், கைகுழி, பாக்கெட்டோட அடிப்பக்கம். அப்புறம் ஒரு காஜாவ, அதான் பட்டன் போற தொளைய, வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சு பின்பக்கம் பாத்தாரு. ஒரு வார்த்த பேசல. எனக்கு வயித்துல புளியக் கரைக்குது. கடைசியா நிமுந்து எங்கிட்ட "இந்த காஜா யார் போட்டது?"ன்னு கேட்டாரு. வெல கேக்கறதுக்கு முன்னாடி அதத்தான் கேட்டாரு.

அவர மட்டும் சொல்லல, அங்க பாதி பேர் இப்படித்தான். நம்மூர்ல கடைக்கு வர்றவங்க கலர் பாப்பாங்க, டிசைன் பாப்பாங்க, கண்ணாடி முன்னாடி வெச்சுப் பாப்பாங்க. இவங்க உள்பக்கம்தான் பாக்கறாங்க. தையல் மெஷினு அமெரிக்காவுல ஹோவ் பேட்டன்ட் வாங்கினதே 1846ல, சிங்கர் 1851ல. அப்போ 1775 சட்டையில மெஷின் தையல் இருந்தா கத கந்தல். தையல எண்றவங்கன்னு அவங்களுக்குள்ளயே கிண்டலா ஒரு பட்டப்பேர் வெச்சிருக்காங்க, பொருந்தாத டிரஸ் போட்டு வர்றவனுக்கு ஃபார்ப்னு தனியா ஒரு வசவு. சில சந்தைல கடை போடறதுக்கு முன்னாடி நம்ம சரக்க ஒரு கமிட்டி பாத்துதான் இடம் குடுக்கும். சில பேரு உள்ள மெஷின்ல ஓட்டிட்டு மேல கண்ணுக்குத் தெரியற ஓரத்த மட்டும் கையால குத்தி விக்கிறாங்க, வெலையும் அதுக்கேத்த மாதிரி கம்மி, அது தப்புன்னு சொல்லமாட்டேன், புதுசா வர்ற பசங்களுக்கு அதான் கட்டுப்படியாகும். ஆனா அத முழுக்க கைத்தையல்னு சொல்லி வித்தா ஒரே வாரத்துல பேரு நாறிடும்.

இந்த இடத்துலதான் காஜாக்காவப் பத்தி சொல்லணும். எல்லாரும் அவங்கள காஜாக்கான்னுதான் கூப்புடுவோம். காலடிப்பேட்டையிலேந்து பஸ் புடிச்சு வர்றாங்க. சின்ன வயசுல டெய்லர் கடைகள்லேந்து சட்டைங்கள மூட்டையா கட்டிட்டு வந்து வீட்டுத் திண்ணையில உக்காந்து காஜா எடுத்து பட்டன் கட்டி குடுப்பாங்க, காஜாவுக்கு இவ்ளோன்னு பைசா கணக்கு. மிஷின் காஜா வந்துச்சு, ஒரு நிமிஷத்துல ரெண்டு மூணு ரூபாய்க்கு வேல முடிஞ்சுது, இவங்க கைக்கு வேலயே இல்லாம போச்சு. அப்புறம் பிளவுசுக்கு ஹூக் கட்றது, பொடவைக்கு ஃபால்ஸ் அடிக்கறதுன்னு ஓட்டிட்டு இருந்தாங்க. நான் போயி கை காஜா வேணும்கா, பட்டுநூல்லன்னு சொன்னப்போ "கிண்டல் பண்றியா"ன்னு மொறச்சாங்க.

அவங்க கைய நீங்க பாக்கணும். மொதல்ல பட்டன் போற அளவுக்கு சுத்தி ஒரு பொடித் தையல் ஓட்டி துணிய பிடிச்சுக்குவாங்க, அப்புறம்தான் கத்திரி. வெட்டின ஓரத்துல ஒரு தடி நூல படுக்க வெச்சுட்டு, ஊசிய உள்ள விட்டு நூலோட வளையத்துக்குள்ளயே வாங்கி இழுக்கும்போது ஒரு குட்டி முடிச்சு வந்து சரியா வெட்டு விளிம்புல உக்காரும். அடுத்தது அது பக்கத்துலயே ஒட்டி. அதுக்குப் பக்கத்துல இன்னொண்ணு. முடிச்சு மேல ஏறினாலும் தப்பு, உள்ள விழுந்தாலும் தப்பு. நூல இழுக்கறப்போ சத்தமே வராது, ஏன்னா நூல தேன்மெழுகுல இழுத்து வெச்சிருப்போம், சிக்காது. ஒரு காஜாவுக்கு கால் மணி நேரம், ஒரு வெயிஸ்ட்கோட்டுக்கு பத்து பன்னண்டு காஜா. ஒரே ஒரு விஷயத்துலதான் எங்களுக்குள்ள சண்ட வந்துச்சு. அவங்க பழக்கத்துல காஜா முனையில கண்ணு வெச்சுடுவாங்க, கோட்டு காஜாவுல சாவித் தொளையாட்டம் ரவுண்டா வருமே, அது. அது பத்தொம்பதாம் நூற்றாண்டு சமாச்சாரம், நமக்கு நேர் கோடுதான் வேணும். "கண்ணு வெக்காத காஜா மொட்டையா இருக்கும்மா"ன்னு ரொம்ப நாள் பொலம்பினாங்க. இப்பவும் திட்டிக்கிட்டேதான் நேரா போடறாங்க.

துணி விஷயத்துக்கு வர்றேன். அந்தக் காலத்துல சட்ட, ஷிஃப்ட், குல்லா எல்லாத்துக்கும் லினன்தான். பருத்தி இல்ல, இது நம்ம ஆளுங்களுக்கு நம்பவே கஷ்டமா இருக்கும். ஜார்ஜ் டவுன் கோடவுன் தெருவுல தேடிப் பிடிச்சுதான் எடுக்கறேன். அங்க லினன்னு சொல்லி குடுக்கறது எல்லாம் லினன் இல்ல. பாதி பாலியஸ்டர் கலப்பு, இல்லன்னா சொரசொரப்பா நெஞ்ச பருத்தி. ஓரத்துலேந்து நாலு இழ உருவி கடைக்கு வெளிய வந்து நெருப்புக்குச்சியில காட்டிடுவேன். லினனா இருந்தா காகிதம் எரியற வாசன வந்து சாம்பலாகி ஊதினா பறந்துடும், பாலியஸ்டர் இருந்தா உருகி கறுப்பா கெட்டியா ஒரு மணி உருண்டு நிக்கும், நகத்தால நசுக்கினா நசுங்காது. கடக்காரருக்கு நான் வர்றத பாத்தாலே கடுப்பு, "தீப்பெட்டி அம்மா வந்துட்டாங்க"ன்னு உள்ள குரல் குடுப்பாரு. ஆனா இது பவுசுக்கு பண்றது இல்லீங்க, அங்க ராவும் பகலும் விறகு நெருப்பு பக்கத்துலயே இருக்காங்க, ஒரு பொறி பறந்து பாலியஸ்டர்ல விழுந்தா உருகி தோலோட ஒட்டிக்கும். கம்பளி சட்டுனு பத்தாது, லினன் பத்தினாலும் உருகி ஒட்டாது.

எல்லாத்தையும் நான் தைக்கிறது இல்ல. ஸ்டேஸ்னு மாருக்கு இறுக்கிக் கட்றது ஒண்ணு இருக்கு, அந்தக் காலத்துல திமிங்கில எலும்புன்னு பேரு சொல்லி அதோட வாயில இருக்கற தகட்ட வெப்பாங்க, இப்போ பிரம்பு இல்லன்னா பிளாஸ்டிக் பட்டி. வரிசை வரிசையா குழா தைச்சு ஒவ்வொண்ணுத்துலயும் ஒண்ண சொருகணும். அது ஆள நேர்ல நிக்க வெச்சு அளவு எடுத்தாத்தான் வரும், வாட்ஸ்அப்ல அளவு வாங்கி தைச்சா அவங்க விலா எலும்புதான் கேள்வி கேக்கும். அதேபோல கவுன். கவுன முன்னாடி குண்டூசியால குத்திதான் மூடுவாங்க, பட்டன் கெடயாது, அவ்ளோ கச்சிதமா உடம்புல உக்காரணும். வேணாம்னு விட்டுட்டேன். பாவாட லாபம், ரெண்டு பக்கமும் பொளவு, நாடா முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணு கட்டிக்கறது, ஒல்லிக்கும் குண்டுக்கும் ஒரே பாவாட. இடுப்புல நாடாவோட தனியா கட்டிக்கற பாக்கெட்டு நல்லா போகுது, வெல கம்மி, சந்தைக்கு சும்மா வேடிக்க பாக்க வர்ற பொம்பளைங்க கூட ஒண்ணு வாங்கிட்டுப் போயிடறாங்க.

இப்போ எல்லாரும் கேக்கற கேள்வி. வெள்ளக்காரன் டிரஸ்ஸ போயி தைக்கிறியே, அவன் நம்மள ஆண்டவன் ஆச்சே. எங்க தம்பியே கேட்டான், அவனுக்கு கொஞ்சம் கொள்கப்பற்று ஜாஸ்தி.

அவன்கிட்ட நான் சொன்னது இதான். 1639ல ஃபிரான்சிஸ் டே இந்த மணல் கரையில வந்து எறங்கினதே துணிக்காகத்தான், இங்க துணி நல்லாவும் இருந்துச்சு மலிவாவும் இருந்துச்சு. காலடிப்பேட்டை, கவர்னர் கோலெட் காலத்துல, 1717க்கும் 1720க்கும் நடுவுல, நெசவாளிங்கள குடி வெச்ச ஊரு. சிந்தாதிரிப்பேட்டை 1734ல, அதுவும் நெசவாளிங்களுக்காகத்தான். இந்தக் கரையோரத்துல சாயவேர்ல செவப்பு ஏத்தி, கலம்கோலால கோடு இழுத்து, பூங்கொடி போட்ட சின்ட்ஸ் துணி லண்டன்ல போயி எறங்குனதும் அந்த ஊர் நெசவாளிங்களுக்கு பொழப்பு போச்சு. 1719ல அந்தத் துணி கட்டிட்டுப் போன பொம்பளைங்கள தெருவுல தொரத்தி டிரஸ்ஸ கிழிச்சிருக்கானுங்க, மேல இங்கிய ஊத்தியிருக்கானுங்க. 1721ல சட்டமே போட்டாங்க, அச்சடிச்ச பருத்தித் துணிய உடுத்தவே கூடாதுன்னு, 1774 வரைக்கும் இருந்துச்சு. ஆனா வெளிநாட்டுக்கு ஏத்தி விக்கிறதுக்கு தட இல்ல. அதனால லண்டன்காரி கட்டக்கூடாத துணிய பாஸ்டன்லயும் பிலடெல்ஃபியாவுலயும் இருந்தவங்க ஜாலியா கட்டிட்டு சுத்தினாங்க. அப்போ அந்தச் சந்தையில பூப்போட்ட கவுன் போட்டு நடக்கற அம்மா மேல இருக்கற பூ நம்ம பூ.

பூவோட நிறுத்திட்டா அது பாதிக் கத. இதே கரையிலேந்து போன பருத்தித் துணிதான் மேற்கு ஆப்பிரிக்காவுல மனுஷங்களுக்கு பதிலா குடுத்த சரக்குல ஒண்ணு. துணி குடுத்து ஆள வாங்கி கப்பல்ல ஏத்தி அமெரிக்காவுல வித்தான் வெள்ளக்காரன். நம்ம ஜார்ஜ் கோட்டையில 1687லேந்து 1692 வரைக்கும் கவர்னரா இருந்த எலிஹு யேல், 1718ல ஒன்பது மூட்ட சரக்கு அனுப்பினாரு, அத 562 பவுனுக்கு வித்த காசுலதான் அங்க ஒரு காலேஜுக்கு அவர் பேரே வெச்சாங்க. சந்தையில கறுப்பினத்துக்காரங்க ஒரு குழுவா வந்து, அடிமையா இருந்தவங்க எப்படி உடுத்தினாங்க எப்படி வாழ்ந்தாங்கன்னு நடிச்சுக் காட்டறத பாத்தேன், ரொம்ப நேரம் அங்கயே நின்னுட்டேன். அதுல ஒரு அம்மா தலையில கட்டம் போட்ட துணி கட்டியிருந்தாங்க. லூசியானாவுல 1786ல ஒரு கவர்னர், அடிமையா இல்லாத கறுப்பினப் பொம்பளைங்களும் தலைய துணியால மூடித்தான் ஆகணும்னு உத்தரவு போட்டானாம், தாழ்த்திக் காட்டறதுக்கு. அவங்க என்ன பண்ணாங்க, இங்கேந்து போன மெட்ராஸ் கட்டம் போட்ட துணிய எடுத்து இன்னும் சோக்கா கட்டி நடந்தாங்க. நான் மெட்ராஸ்லேந்து வர்றேன்னு சொன்னதும் அந்த அம்மா என் கையப் பிடிச்சுக்கிட்டாங்க. அதுலேந்து கட்டம் போட்ட தலத்துணியும் நம்ம சரக்குல சேந்துச்சு.

டிரஸ்ஸு சும்மா டிரஸ்ஸு இல்லன்றது நம்மூருக்கும் புதுசு இல்லயே. 1806ல வேலூர்ல சிப்பாய்ங்க கெளம்பினதுக்கு ஒரு காரணமே தோல் வெச்ச புதுத் தலப்பாகைதான். தம்பி இதெல்லாம் கேட்டுட்டு "சரி சரி, ஆனா எனக்கு அந்தச் சட்ட ஒண்ணு தை"ன்னான். லினன் காத்தோட்டமா இருக்குமாம். கொள்க அவ்ளோதான்.

உள்ளூர்லயும் விக்கலாமேன்னு நெனச்சு ஆகஸ்ட்ல மெட்ராஸ் தினக் கொண்டாட்டம் நடக்கும்போது ஒரு எடத்துல மேச போட்டுப் பாத்தேன். கூட்டம் அலமோதுச்சு. எல்லாரும் போட்டுப் பாத்து செல்ஃபி எடுத்துக்கிட்டு, வெலயக் கேட்டதும் மெதுவா கழட்டி மடிச்சு வெச்சுட்டு "சூப்பர்ங்க"ன்னுட்டு போயிட்டாங்க. தப்பு சொல்ல முடியாது, பதினஞ்சாயிரம் ரூபா சட்டய போட்டுக்கிட்டு பீச் ஸ்டேஷன்ல ஏற முடியுமா. ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு வாடகைக்கு கேக்கறாங்க, கட்டபொம்மன் நாடகத்துக்கு ஜாக்சன் தொர கோட்டு. அவங்களுக்கு செவப்பு சாட்டின்ல ஜிகினா வெச்சு வேணும். ஜாக்சன் கலெக்டருங்க, சிப்பாய் இல்ல, அவரு எதுக்கு பட்டாளத்து செவப்பு கோட்டு போடறாருன்னு ஒரு டீச்சர்கிட்ட கேட்டேன். "செவப்பு இல்லன்னா பேரன்ட்ஸுக்கு வில்லன்னு தெரியாது மேடம்"னாங்க. பதில் இல்ல எங்கிட்ட. அத மெஷின்லயே தைச்சு குடுத்துட்டேன், நைனா மெஷினுக்கும் ஒரு வேல.

காசு கணக்கு எழுதாம விட்டா நீங்க விடமாட்டீங்க. ஒரு சட்ட 180 டாலர். கேட்டதும் வாய் பொளக்காதீங்க. லினன், நூல் எல்லாம் சேத்து ரெண்டாயிரம் ரூபா பக்கம். தையல் மட்டும் இருபது மணி நேரத்துக்கு மேல. பார்சல், அங்க டென்ட்டு எடத்துக்கு குடுக்கற காசு, தங்கச்சி பெட்ரோல் போட்டு ஊர் ஊரா ஓட்டறது, மழ பேஞ்சு சந்த ஊத்திக்கிட்டா அந்த நஷ்டம், எல்லாம் போகத்தான் மீதி. போதாக்கொறைக்கு 2025 ஆகஸ்ட் கடைசியில 800 டாலருக்குக் கீழ வரி இல்லன்ற சலுகைய அமெரிக்காவுல எடுத்துட்டாங்க, இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரியும் அதே வாரத்துல, இங்கேந்து தபால் பார்சல் போறதே கொஞ்ச நாள் நின்னுபோச்சு. ஒண்ணு ரெண்டா அனுப்பிட்டிருந்தத நிறுத்திட்டு சேத்து வெச்சு மொத்தமா அனுப்ப ஆரம்பிச்சோம், வெலையும் ஏத்தினோம். பயந்துக்கிட்டேதான் ஏத்தினேன். உள்பக்கம் பாத்து வாங்கறவங்க யாரும் போகல, சும்மா வாங்கிட்டிருந்தவங்கதான் கொறஞ்சாங்க.

கூலிய மட்டும் பீஸ் ரேட்டுல வெக்கறது இல்லன்னு பிடிவாதமா இருக்கேன். மணிக்குதான் கணக்கு. எங்க ஏரியாவுல எல்லாமே பீஸ் ரேட்டு, ஹெம்மிங் இவ்ளோ, ஹூக் இவ்ளோன்னு, நானும் அப்படி வாங்கினவதான். பீஸ் ரேட்டுன்னா கை தன்னால ஓட ஆரம்பிச்சுடும், தையல் அகலமாகும், வெளிய பாக்கறவனுக்கு தெரியாது. ஆனா நம்மகிட்ட வாங்கறவன் வெளிய பாக்கறவன் இல்லியே. காஜாக்காவுக்கு மொத மாசம் மணிக்கணக்கு போட்டு குடுத்தப்போ தப்பா எண்ணிட்டேன்னு நெனச்சு பாதிய திருப்பிக் குடுக்க வந்தாங்க.

2026 ஜூலை 4 அவங்க சுதந்திரத்துக்கு 250 வருஷம், அதனால ஆர்டர் குமியுது. துணி இருக்கு, லினன் நூல் இருக்கு, மெழுகு இருக்கு, கைதான் பத்தல. தண்டையார்பேட்ட, ராயபுரம், திருவொத்தியூர் பக்கம் கை காஜா தெரிஞ்ச அக்கா, ஆயா யாராச்சும் உங்க வீட்டுல, பக்கத்து வீட்டுல இருந்தா சொல்லுங்க. வயசு பிரச்சன இல்ல. கண்ணு மங்கல்னா கண்ணாடி நான் வாங்கித் தரேன், பஸ் ஏற முடியலன்னா துணிய வீட்டுக்கே குடுத்தனுப்பறேன். ஒரே ஒரு கண்டிஷன், கண்ணு வெச்ச காஜா கேட்டு எங்கிட்ட சண்டைக்கு வரக்கூடாது, அதுக்கு ஏற்கனவே ஒரு ஆள் இருக்காங்க.